நாகர்கோவில் லேஸ்: ஊசிக்கலையும் ஆடையுரிமையும்

நாகர்கோவில் லேஸ் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் சபையின் பெண்கள் விடுதிப் பள்ளியில் தொடங்கிய கைப்பின்னல் கலை. மார்த்தா மால்ட் இதை அறிமுகம் செய்தார். தலையணை போன்ற திண்டின் மேல் வைத்துப் பின்னப்படுவதால் இது தலையணை லேஸ் என்றும் அழைக்கப்பட்டது. அடிமைகளாக இருந்த குடும்பங்களின் பெண்கள் சிலர் லேஸ் பின்னிப் பெற்ற கூலியைச் சேமித்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். அதனால் இக்கலை கைத்தொழில் வரலாற்றில் மட்டுமின்றி அடிமைமுறை ஒழிப்பு, தோள்சீலைப் போராட்டம் ஆகியவற்றின் வரலாற்றிலும் இடம்பெறுகிறது. ஆடைக்கட்டுப்பாடு இருந்த நிலங்களில் பெண்களின் ஊசிவேலை எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்பவர்கள் இதை ஜப்பானின் சஷிகோ தையலுடன் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

நிலமும் எல்லையும்

இன்றைய கன்யாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் (பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி) ஆட்சிப்பரப்பில் இருந்தது. அதன் கிழக்கு ஓரத்தில், அகஸ்தீஸ்வரம் வட்டத்தில் அமைந்த ஊர் அஞ்சுகிராமம். நாகர்கோவிலில் இருந்து கிழக்கே செல்லும் பாதை மயிலாடியைக் கடந்து அஞ்சுகிராமத்தை அடைகிறது. அதற்கு அப்பால் திருநெல்வேலிச் சீமை. 19-ம் நூற்றாண்டில் இந்த எல்லைக்கு மேற்கே திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியும் கிழக்கே ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியும் நடந்தன.

இருபுறமும் ஒரே சமூகத்தவர் வாழ்ந்தனர். பனையேறும் தொழில், மணவுறவு, மொழி ஆகியவை எல்லையைத் தாண்டி நீண்டன. ஆனால் சட்டங்கள் வேறுபட்டன. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. எல்லைக்குக் கிழக்கே அரசு அத்தகைய தடையை விதிக்கவில்லை. கம்பெனி ஆட்சிப்பகுதியில் 1843-ம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் அடிமையுடைமையைச் சட்ட அங்கீகாரம் அற்றதாக்கியது. திருவிதாங்கூரில் அதற்கு இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. சில மைல் தொலைவில் உறவினர்கள் வேறுவகையில் உடுத்தி வாழ்வதை எல்லையோர மக்கள் கண்டனர். தோள்சீலை உரிமைக்கான கோரிக்கை வலுப்பெற்றதில் இந்த எல்லைக்கும் பங்குண்டு.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் இந்தக் கிழக்குப் பகுதியில்தான் தொடங்கியது. மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று ரிங்கல்தௌபே 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-ல் மயிலாடியில் ஆலயம் எழுப்பப்பட்டது. ரிங்கல்தௌபே 1816-ல் விலகிச் சென்றபின் சார்ல்ஸ் மீட் பொறுப்பேற்று 1818-ல் மிஷனின் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்றினார். பின்னர் கிழக்கே அஞ்சுகிராமத்தை ஒட்டிய ஜேம்ஸ்டவுனிலும் மிஷன் நிலையம் உருவாகியது.

ஆடையும் சட்டமும்

திருவிதாங்கூரில் ஒருவர் அணியும் ஆடை அவரது சாதியைக் காட்டும் அடையாளமாக இருந்தது. துணியின் நீளம், அணியும் முறை, நகை, குடை, காலணி என எல்லாவற்றிலும் வரையறைகள் இருந்தன. நாடார், ஈழவர், பறையர், புலையர் முதலிய சமூகப் பெண்கள் இடுப்புக்கு மேல் ஆடை அணிவது மீறலாகக் கருதப்பட்டது.

திவானாகவும் ரெசிடெண்டாகவும் இருந்த கர்னல் மன்றோவின் காலத்தில், 1814-ல், கிறிஸ்தவர்களாகிய பெண்கள் சிரியன் கிறிஸ்தவர், மாப்பிள்ளைமார் ஆகியோரைப் போலக் குப்பாயம் அணியலாம் என்று உத்தரவு பிறந்தது. ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை அணிவதற்கு அனுமதி இல்லை. பெண்கள் குப்பாயத்தின் மேல் சீலையும் அணியத் தொடங்கியபோது 1822 முதல் கல்குளம், இரணியல் பகுதிகளில் தாக்குதல்கள் நிகழ்ந்தன. சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது. 1829 பிப்ரவரியில் வெளிவந்த அரச அறிவிப்பு குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையை மறுத்தது.

1858-ல் மீண்டும் கலவரம் வெடித்தது. அதைத் தொடர்ந்து உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ல் வெளியிட்ட அறிவிப்பு எல்லா மதத்தையும் சார்ந்த நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம், அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்றது. உயர்சாதிப் பெண்களைப் போல அணியக்கூடாது என்னும் நிபந்தனை அப்போதும் நீடித்தது. அதாவது உடலை மறைக்கும் உரிமை ஏற்கப்பட்டது. எந்தத் துணியால், எந்த முறையில் என்பதை முடிவுசெய்யும் அதிகாரத்தை அரசு கைவிடவில்லை.

அடிமைமுறையும் இதே காலகட்டத்தில் நடைமுறையில் இருந்தது. நிலத்துடன் சேர்த்து மனிதர்கள் விற்கப்பட்டனர், அடமானம் வைக்கப்பட்டனர். ராணி கௌரி லட்சுமிபாய் 1812-ல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தபோதும் வேளாண் நிலத்துடன் பிணைக்கப்பட்டவர்கள் அதில் அடங்கவில்லை. 1853-ல் வெளிவந்த அறிவிப்பும் முழு விடுதலை அளிக்கவில்லை. 1855 ஜூன் 24-ல் வெளிவந்த அறிவிப்பே திருவிதாங்கூரில் அடிமைமுறையை முழுமையாக ஒழித்தது.

மார்த்தா மால்ட்டும் விடுதிப் பள்ளியும்

சார்ல்ஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியர் 1819-ன் இறுதியில் நாகர்கோவில் வந்தனர். சார்ல்ஸ் மீட்டின் மனைவி ஜொகன்னா மீட்டும் மார்த்தா மால்ட்டும் பெண்கள் கல்விப்பணியை முன்னெடுத்தனர். 1819-ஐத் தொடக்கமாகக் கொண்ட அந்தப் பள்ளி இன்று நாகர்கோவிலில் டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளியாக நீடிக்கிறது.

தொடக்கத்தில் மாணவிகளைச் சேர்ப்பது கடினமாக இருந்தது. பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்னும் கேள்வி எல்லாச் சமூகத்திலும் இருந்தது. ஏழைக் குடும்பங்களில் சிறுமியும் வேலை செய்யும் ஆள். அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் வீட்டுக்கு வருமானம் குறையும். அடிமைக் குடும்பத்துச் சிறுமியாயின் அவளது உழைப்பு உடைமையாளருக்கு உரியது. விடுதி உணவு, உடை, புத்தகம் ஆகியவற்றுக்குப் பணமும் தேவைப்பட்டது. இந்த இரு சிக்கல்களுக்கும் மார்த்தா மால்ட் கண்ட வழி லேஸ் பின்னுதல். 1820-களின் தொடக்கத்தில் எழுத்து, வாசிப்பு, கணக்கு ஆகியவற்றுடன் தையலும் லேஸும் பாடங்களாயின. விற்பனைத் தொகையில் பள்ளியின் செலவு நடந்தது; பின்னிய பெண்களுக்கும் கூலி கிடைத்தது.

மிஷன் பெண்கள் தளர்வான கைவைத்த குப்பாயம் ஒன்றையும் வடிவமைத்தனர் என்று மிஷன் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆகவே அந்த விடுதியில் இரண்டு வகை ஊசிவேலைகள் நடந்தன. ஒன்று, ஐரோப்பியப் பெண்களின் உடைகளை அலங்கரிக்கும் மெல்லிய லேஸ். இன்னொன்று, தங்கள் உடலை மறைப்பதற்கான எளிய குப்பாயம்.

பயிற்சி முறை

தலையணை லேஸ் நெய்தலுக்கும் முடைதலுக்கும் இடைப்பட்டது. தறி இல்லை, அடித்துணியும் இல்லை. வெறும் நூலே துணியாகிறது. இதற்குத் தேவையான பொருட்கள் சில. இறுக்கமாகத் திணிக்கப்பட்ட திண்டு, துளையிட்ட வடிவத்தாள், குண்டூசிகள், நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள். இந்தக் குச்சிகள் பாபின் எனப்படும். இவை நூலைத் தாங்குவதுடன், தங்கள் எடையால் அதை இழுத்துப் பிடிக்கவும் செய்கின்றன.

புதிதாகக் கற்பவர் வடிவத்தாளைத் திண்டில் பொருத்தி, நான்கு பாபின்களை இரண்டு இணைகளாகக் கையாளத் தொடங்குவார். அடிப்படை அசைவுகள் இரண்டே. முதலாவது குறுக்கிடுதல்: நான்கு நூல்களில் நடுவில் உள்ள இரண்டில் இடப்புற நூல் வலப்புற நூலின் மேலாகச் செல்லும். இரண்டாவது முறுக்குதல்: ஒவ்வொரு இணையிலும் வலப்புற நூல் இடப்புற நூலின் மேலாகச் செல்லும். குறுக்கு, முறுக்கு, குறுக்கு என்ற வரிசையில் செய்தால் துணிபோல் அடர்ந்த பின்னல் கிடைக்கும். குறுக்கு, முறுக்கு என்று நிறுத்தினால் வலைபோல் திறந்த பின்னல் கிடைக்கும். வடிவத்தாளில் துளை வரும் இடத்தில் இரு இணைகளுக்கு நடுவே குண்டூசியைக் குத்தி, அதைச் சுற்றி அடுத்த பின்னலை மூட வேண்டும். பின்னல் நிலைபெற்றபின் பின்னால் உள்ள குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் குத்தலாம்.

முதலில் விரலகல நேர்பட்டிகள், பின்னர் வளைந்த ஓரங்கள், அதன்பின் பூ, இலை என்று பயிற்சி வளரும். எளிய பட்டிக்குச் சில இணைகள் போதும். அகலமான லேஸுக்குப் பல பத்து இணைகள் தேவை. பாபின்களின் வரிசை கலைந்தால் பின்னல் குலையும். பிழை நேர்ந்தால் அந்த இடம்வரை பிரித்துத் திரும்பிவர வேண்டும். நூல் அழுக்காகாமல் இருக்கக் கைகளைச் சுத்தமாக வைத்திருப்பதும் பயிற்சியின் பகுதி. இணைகளை எண்ணுவதும் துளைகளைப் பின்தொடர்வதும் சிறுமிகளுக்குக் கணக்குப் பாடத்தின் நீட்சியாகவே இருந்தன. தேர்ந்த மாணவிகள் இளையவர்களுக்குக் கற்பித்தனர். திருமணமாகிச் சென்ற ஊர்களுக்கும் கலையைக் கொண்டுசென்றனர்.

கூலியும் விடுதலையும்

நாகர்கோவில் லேஸை இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியக் குடும்பங்கள் வாங்கின. இங்கிலாந்துக்கும் அனுப்பப்பட்டது. அந்தக் கூலியின் மதிப்பு அதன் அளவில் இல்லை, அது பெண்ணின் கையில் நேரடியாக வந்ததில் இருந்தது. அடிமையின் உழைப்புக்கு நெல்லே கூலி. சேமிக்கவோ மீட்புத்தொகை கட்டவோ அதில் வழியில்லை. லேஸ் பின்னிய பெண்ணுக்குக் காசு கிடைத்தது. அந்தக் காசை உடைமையாளரிடம் கொடுத்துச் சிலர் தங்களை மீட்டுக்கொண்டனர். 1855-க்கு முன்னர் அடிமைகளுக்கு இருந்த மிகச் சில வழிகளில் இது ஒன்று.

இதை மிகைப்படுத்தவும் இயலாது. விடுதியில் இடம்பெற்றவர்கள் சிறுபான்மையினர். வயலில் பிணைக்கப்பட்டிருந்த பெரும்பான்மையினருக்கு லேஸ் தலையணை எட்டாத பொருள். அவர்களது விடுதலைக்கு அரச அறிவிப்பும், அதற்கு முன்னால் மிஷன் அளித்த விண்ணப்பங்களும், சென்னை அரசின் அழுத்தமும் தேவைப்பட்டன. ஆனால் ஓர் அடிமைப்பெண் தன் கைத்திறனால் சம்பாதித்துத் தன்னை மீட்க முடியும் என்பது கண்முன் நிகழ்ந்தது. பெண்கல்வியால் பயனில்லை என்ற வாதத்துக்கு அது பதிலாகவும் அமைந்தது.

பரவல்

மார்த்தா மால்ட்டின் மகள் எலிசா, 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். நாஞ்சில்நாட்டில் வளர்ந்த அவருக்குத் தமிழ் இயல்பான மொழி. அவர் இடையன்குடியில் பெண்கள் விடுதிப் பள்ளியைத் தொடங்கி, தாயிடம் கற்ற லேஸ் பின்னலை அங்கு கற்பித்தார். இவ்வாறு இக்கலை அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே எல்லையைக் கடந்து திருநெல்வேலியின் தேரிக்காட்டை அடைந்தது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் (1856) எழுதப்பட்ட அதே ஊரில் பெண்கள் லேஸ் பின்னிக்கொண்டிருந்தனர்.

லண்டன் மிஷனின் பிற நிலையங்களில் துணியில் நூல்வேலை செய்யும் எம்பிராய்டரியும் கற்பிக்கப்பட்டது. கத்தோலிக்கர்களிடையே முளகுமூடு முக்கியமான மையம். பெல்ஜியத்தின் ஈப்ரு நகரிலிருந்து மேரி லூயிஸ் டி மேஸ்டர் 1897 நவம்பரில் முளகுமூட்டுக்கு வந்து அனாதைச் சிறுமிகளுக்கான பணியை ஏற்றார். அங்கும் லேஸும் பூத்தையலும் பெண்களின் தொழிலாக வளர்ந்தன. ஐரோப்பாவில் லேஸுக்குப் பெயர்பெற்ற பகுதிகளில் ஒன்று பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ். இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய இரு நாடுகளின் ஊசிமரபுகளும் சில மைல் இடைவெளியில் கன்யாகுமரி மாவட்டத்தில் வேரூன்றின.

சஷிகோவுடன் ஒப்பீடு

சஷிகோ என்ற ஜப்பானியச் சொல்லுக்குச் சிறு குத்துகள் என்று பொருள். துணியில் ஊசியை ஏற்றி இறக்கிச் செல்லும் எளிய ஓட்டுத்தையலே அதன் அடிப்படை. எடோ காலத்தில் (1603-1868) வட ஜப்பானின் உழவர் பெண்களிடம் அது வளர்ந்தது. குளிர்மிகுந்த வடபகுதியில் பருத்தி விளையாது. சுகாரு ஆட்சிப்பகுதியில் உழவர்கள் பருத்தியாடை அணிவதற்குத் தடையும் இருந்தது. அவர்களுக்கு விதிக்கப்பட்டது அவுரிநீலம் தோய்த்த முரட்டுச் சணல்துணி. அதன் இழை இடைவெளிகள் வழியாகக் குளிர்காற்று புகும். பெண்கள் பல அடுக்குத் துணிகளைச் சேர்த்துத் தைத்தனர். பருத்திநூல் கிடைக்கத் தொடங்கியபோது அதைக்கொண்டு இழை இடைவெளிகளை அடைத்தனர். அந்த வெள்ளைத் தையல்களின் வரிசையே வடிவமாயிற்று. சுகாருவில் உருவான வகைக்குக் கோகின் என்று பெயர். அதில் இழைகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் எண்ணித் தைக்கப்படும். அண்டையிலுள்ள நான்பு பகுதியின் ஹிஷிசஷியில் இரட்டைப்படை எண்ணிக்கை.

சஷிகோ கற்கத் தொடங்குபவர் நேர்கோடுகளில் தொடங்குகிறார். ஊசியை அசைக்காமல் பிடித்து, துணியை மடித்து மடித்து ஊசியில் ஏற்ற வேண்டும். தையல்கள் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். முன்பக்கத் தையல் இடைவெளியைவிடச் சற்று நீளமாக இருப்பது மரபு. கோடு திரும்பும் முனையில் ஒரு தையல் முடிய வேண்டும். கோடுகள் சந்திக்கும் நடுப்புள்ளியில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சிறு இடம் விடப்படும். ஒவ்வொரு வரிசைக்கும் பின் துணியை விரலால் நீவி நூலைத் தளர்த்தாவிட்டால் துணி சுருங்கிவிடும். சணலிலை, கடலலை, பின்னிய வட்டங்கள் ஆகியவை வழக்கமான வடிவங்கள்.

தமிழ்நாட்டில் கோகினுக்கு நுட்பத்தால் நெருக்கமானது நீலகிரியின் தோடர் பூத்தையல். வரைபடம் இல்லாமல், முரட்டு வெள்ளைத்துணியின் இழைகளை எண்ணி, சிவப்பு, கறுப்பு நூல்களால் தோடர் பெண்கள் செய்யும் அந்த வேலைப்பாடு 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. நாகர்கோவில் லேஸ் நுட்பத்தால் சஷிகோவிலிருந்து வெகுதூரத்தில் உள்ளது. அதன் நெருக்கம் வரலாற்றுச் சூழலில் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் யார் எந்தத் துணியை அணியலாம் என்று அரசு விதித்தது. இரண்டு இடங்களிலும் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது முரட்டுத் துணி. சுகாருவின் பெண்கள் அந்த முரட்டுத் துணியையே தங்கள் நூலால் மாற்றிக்கொண்டனர். அவர்கள் தைத்ததை அவர்களே அணிந்தனர். நாகர்கோவில் பெண்கள் பின்னியதை அவர்கள் அணியவில்லை. அது விற்பனைக்குச் சென்றது; அவர்களுக்குக் கிடைத்தது கூலி. இந்த வேறுபாடே இரு கலைகளின் பிற்கால வரலாற்றையும் தீர்மானித்தது.

இயந்திரமும் வீழ்ச்சியும்

மார்த்தா மால்ட் லேஸைக் கற்பித்த காலத்தில் இங்கிலாந்தில் அக்கலை நெருக்கடியில் இருந்தது. ஜான் ஹீத்கோட் 1808-1809 ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற இயந்திரங்கள் வலைத்துணியைப் பின்னத் தொடங்கியிருந்தன. 1816-ல் லௌபரோவில் இருந்த அவரது ஆலையை லுட்டைட்டுகள் தாக்கினர். கையால் பின்னும் குடும்பங்கள் வேலையிழந்தன. 1840-ல் விக்டோரியா அரசியின் திருமண உடைக்கு ஹோனிடன் கைப்பின்னல் லேஸ் பயன்படுத்தப்பட்டது அத்தொழிலுக்கு ஆதரவாக அமைந்தது. இங்கிலாந்தில் இயந்திரத்துடன் போட்டியிட முடியாத கைத்தொழில் இந்தியாவில் நீடித்ததற்குக் கைவேலையின் நேர்த்தி ஒரு காரணம், கூலி குறைவாக இருந்தது இன்னொரு காரணம்.

வாங்குபவர்கள் தொலைவில் இருந்ததால் அவர்களின் ரசனை மாறியபோது தொழிலும் ஆடியது. முதல் உலகப்போருக்குப் பின் ஐரோப்பியப் பெண்களின் உடை எளிமையானது. லேஸின் தேவை சுருங்கியது. 1947-ல் இந்திய விடுதலையுடன் ஐரோப்பியக் குடும்பங்களும் வெளியேறின. அதே ஆண்டு செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது லண்டன் மிஷன் சபைகள் அதில் இணைந்தன. பள்ளிகள் வளர்ந்தன, பெண்களுக்கு ஆசிரியை, செவிலியர் போன்ற வேலைகள் கிடைத்தன. நாளெல்லாம் குனிந்திருந்து சில அங்குலம் பின்னும் தொழிலை இளையவர்கள் விட்டனர்.

சஷிகோவும் தேய்ந்தது. 1891-ல் ரயில் பாதை ஆமோரியை எட்டியபின் பருத்தித்துணி எளிதில் கிடைத்தது. தேவை மறைந்ததும் கோகினும் மறைந்தது. ஆனால் 20-ம் நூற்றாண்டில் யானகி சோயெட்சு தொடங்கிய மக்கள் கலை இயக்கம் பழைய உடைகளைச் சேகரித்து, அவற்றைக் கலையாக மதித்தது. வீடுகளில் உடைகள் எஞ்சியிருந்ததால் அந்த மீட்பு சாத்தியமானது. நாகர்கோவில் லேஸ் பின்னியவர்களின் வீடுகளில் எஞ்சவில்லை. வாங்கியவர்களின் வீடுகளுக்கும் கடல்கடந்தும் சென்றுவிட்டது.

விவாதங்கள்

மிஷன் லேஸ் தொழில் பற்றி இருவகைக் கருத்துகள் உள்ளன. சாமுவேல் மட்டீர், சி.எம். ஆகூர் போன்றோர் எழுதிய நூல்களின் வழி வரும் மரபான பார்வை, மிஷன் பணிகளை ஒடுக்கப்பட்ட மக்களின் மீட்சியாகக் காண்கிறது. பிற்கால ஆய்வுகள் பெண்களின் வீட்டுத்தொழிலில் உள்ள சுரண்டலைச் சுட்டுகின்றன. ஆந்திராவின் நர்சாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982-ல் வெளியிட்ட நூல், உலகச் சந்தைக்காக உழைக்கும் பெண்கள் ஓய்வுநேரத்தில் பின்னும் இல்லத்தரசிகளாக மட்டும் காட்டப்படுவதையும், லாபம் வணிகர்களைச் சேர்வதையும் விளக்கியது.

நாகர்கோவில் லேஸுக்கு இரண்டு பார்வைகளும் பொருந்தும். விலையை நிர்ணயிக்கும் இடத்தில் பின்னிய பெண்கள் இல்லை. அவர்களின் பெயர்களும் பதிவாகவில்லை. கற்பித்தவரின் பெயர் நூல்களில் இருக்கிறது. தன் விடுதலையைப் பின்னி எடுத்தவரின் பெயர் இல்லை. எனினும் அன்றைய திருவிதாங்கூரில் அப்பெண்களின் முன்னால் இருந்த மாற்று, நியாயமான கூலி தரும் வேறொரு தொழில் அல்ல. அது வயலடிமை வாழ்க்கை. குறைந்த கூலியாயினும் காசாகக் கிடைத்ததும், அதனுடன் எழுத்தறிவும் கிடைத்ததும் அடுத்த தலைமுறையின் நிலையை மாற்றின.

பண்பாட்டு இடம்

தென் திருவிதாங்கூரின் ஆடையுரிமை வரலாறு பெரும்பாலும் உத்தரவுகள், கலவரங்கள், விண்ணப்பங்கள் வழியாக எழுதப்படுகிறது. நாகர்கோவில் லேஸ் அந்த வரலாற்றில் உழைப்பின் பக்கத்தைக் காட்டுகிறது. மேலாடை மறுக்கப்பட்ட பெண்கள் பிறரின் மேலாடைக்கான லேஸைப் பின்னினர். அந்த வருமானத்தில் சிலர் விடுதலை பெற்றனர், பலர் கல்வி பெற்றனர். கன்யாகுமரி மாவட்டத்தில் பெண்கல்வி முன்னரே வேரூன்றியதற்கு இத்தகைய விடுதிப் பள்ளிகள் அடித்தளம் இட்டன. அப்பள்ளிகளின் தொடக்ககாலச் செலவில் ஒரு பகுதியைச் சுமந்தது லேஸ் பின்னிய சிறுமிகளின் உழைப்பு.